அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்த பின்பும் வேகம் குறையவில்லை: கேபிளா, வேறு ஏதாவதா?

ஒட்டுசுட்டான் ஆசிரியை எழுதியது:

வணக்கம். வீடு கிளிநொச்சியில், பாடசாலை ஒட்டுசுட்டான் பக்கம். ஏ9 வீதியால் மாங்குளம் வரை வந்து முல்லைத்தீவு வீதியில் திரும்புவது என் அன்றாடப் பயணம். கார் 1997ஆம் ஆண்டு ஜப்பான் தயாரிப்பு. பெற்றோல், 1500 சிசி, கையால் கியர் மாற்றுவது. அக்சிலேற்றர் கேபிளில் இயங்குகிறது.

கடந்த வாரம் முறிகண்டி தாண்டியதும், நெல் மூட்டை ஏற்றிய லொறி ஒன்றை முந்துவதற்காக அக்சிலேற்றரை ஆழ மிதித்தேன். முந்திய பின் காலை எடுத்தேன். எஞ்சின் இரைச்சல் குறையவே இல்லை. கார் தொடர்ந்து இழுத்தது. தூரத்தில் மாடுகள் வீதியைக் கடந்துகொண்டிருந்தன. பிரேக்கை மிதித்ததும் வேகம் கொஞ்சம் இறங்கியது. விட்டுவிட்டு மறுபடி மிதித்தபோது பிரேக் பெடல் இறுகிப்போய்க் கிடந்தது. கிளச்சை அமர்த்தியதும் எஞ்சின் அலறியது. எப்படியோ இடது ஓரத்தில் நிறுத்தித் திறப்பைத் திருப்பி அணைத்தேன். பிறகு அக்சிலேற்றருக்குக் கீழே காலை விட்டுத் தூக்கியபோது ‘டக்’கென்று மேலே வந்தது.

கராஜில் கேபிளுக்கு எண்ணெய் விட்டார்கள். கீழே கிடந்த றப்பர் விரிப்பைப் பின்னால் இழுத்துவிட்டு, இனிப் பிரச்சினை இல்லை என்று அனுப்பிவைத்தார்கள். நேற்று மாங்குளம் சந்தியில் திரும்பும்போது காலை எடுத்த பின் ஒரு கணம் தாமதித்துத்தான் பெடல் மேலே வந்தது. என்னோடு வேறு ஆசிரியைகளும் காரில் வருகிறார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு ஓட மனம் ஒப்பவில்லை.

கேபிளை மாற்றினால் போதுமா, வேறு எதையும் பார்க்க வேண்டுமா? ஓடிக்கொண்டிருக்கும்போது மறுபடி நடந்தால் முதலில் எதைச் செய்வது? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.


பரந்தன் மெக்கானிக் எழுதியது:

ரீச்சர், முதல் வேலையாகக் காரை நிறுத்திவையுங்கள். கேபிள் மாறும்வரை பஸ்ஸில் போய் வாருங்கள். நீங்கள் எழுதியதில் எனக்குப் பயத்தைத் தந்தது மாங்குளம் சந்தியில் நடந்ததுதான். எண்ணெய் விட்ட பிறகும் பெடல் தாமதித்து வருகிறது என்றால், கேபிள் உள்ளே அறுந்துகொண்டிருக்கிறது என்றுதான் நான் எடுப்பேன்.

மெல்லிய உருக்குக் கம்பிகள் பலவற்றைச் சேர்த்து முறுக்கிய புரிதான் அந்தக் கேபிள். ஓர் உறைக்குள் அது முன்னும் பின்னும் ஓடுகிறது. பெடலுக்குப் பக்கத்தில் உறையின் வாயில் அது வளைகிறது. அதே இடத்தில் வருடக்கணக்காக மடிந்து மடிந்து ஒரு கம்பி அறும், பிறகு பக்கத்துக் கம்பி அறும். அறுந்த நுனி விரிந்து நிற்கும். தூண்டில் முள்ளைப் போல அது ஒரு திசைக்கு வழி விடும், மறு திசைக்கு விடாது. லொறியை முந்த ஆழ மிதித்தீர்கள் அல்லவா, அப்போது அறுந்த இடம் உறைக்கு வெளியே வந்திருக்கிறது. காலை எடுத்ததும் உள்ளே திரும்ப வேண்டிய நுனி வாயில் தடுக்கி நின்றிருக்கிறது. மிதிப்பது உங்கள் காலின் பலம். திருப்புவது ஒரு ஸ்பிரிங்கின் பலம். அது காணாது. சாதாரணமாக ஓடும்போது பெடல் அவ்வளவு ஆழம் போவதில்லை என்பதால் கோளாறு தெரியாமல் ஒளிந்திருக்கும்.

எண்ணெய் விட்டால் சில நாட்களுக்கு வழுக்கும். அதற்குப் பிறகு நம் கிரவல் ஒழுங்கைகளின் செம்புழுதி அந்த எண்ணெயில் ஒட்டிக் களியாகி, முன்பைவிட மோசமாகப் பிடிக்கும். உறைக்குள் பிளாஸ்ரிக் குழாய் வைத்துச் செய்த கேபிள்கள் பெரும்பாலும் உலர்ந்தே ஓடுவதற்கானவை.

இந்த எண்ணெய் வைத்தியம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1990களில் வன்னியில் கராஜ் வேலை செய்தவன் நான். பொருளாதாரத் தடை இருந்தது, பெற்றோல் இல்லை. பழைய கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் கார்களைச் சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அக்சிலேற்றர் கேபிள் அறுந்தால் சைக்கிள் பிரேக் கம்பியை எடுத்து, நுனியில் ஈயம் உருக்கிவைத்துப் பொருத்துவோம். அந்தக் கார்களில் நோயாளிகள் வைத்தியசாலை போய்ச் சேர்ந்தார்கள். அந்த வேலையில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. ஆனால் அந்தக் கார்கள் குண்டும் குழியுமான வீதியில் ஊர்ந்து போனவை. அதே கைப்பழக்கத்தில், காபெற் வீதியில் விரைந்து ஓடும் காருக்கு எண்ணெய் விட்டு அனுப்புவதைப் பார்க்க எனக்குக் கோபம் வருகிறது. அன்று சாமான் இல்லை, செய்தோம். இன்று வவுனியாவில் சொன்னால் பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். ஏ9 ஓரமாக ரயில் பாதை சேர்ந்தே வருகிறது. குறுக்கு வீதியில் திரும்பினால் பல இடங்களில் உடனேயே கடவைதான். அந்த இடத்தில் கார் நிற்காவிட்டால் என்ன ஆகும் என்று அனுப்பிவைத்தவர் யோசித்திருக்க வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கக் கூடியது இது. எஞ்சினை அணைத்துவிட்டுப் பொனெற்றைத் திறவுங்கள். ஒருவர் உள்ளே இருந்து பெடலை அடிவரை மிதித்துச் சட்டென்று விடட்டும். கேபிள் போய்ச் சேரும் த்ரொட்டில் சில்லு, அதாவது எஞ்சினுக்குக் காற்று விடும் தகட்டைத் திருப்பும் சில்லு, தயங்காமல் ‘டக்’கென்று மூட வேண்டும். மெதுவாக வந்தால் கேபிளைச் சில்லில் இருந்து கழற்றிவிட்டு, சில்லை மட்டும் கையால் திருப்பி விடுங்கள். அது சட்டென்று மூடினால் த்ரொட்டில் நல்லது, குற்றம் கேபிளிலோ பெடலிலோதான். கையிலும் அது பிசுபிசுத்து வந்தால், தகட்டைச் சுற்றிக் கரி படிந்திருக்கிறது. அதற்கென்று விற்கும் ஸ்பிரே அடித்துத் துணியால் துடைக்க வேண்டும். பிறகு பெடல் பக்கத்திலும் கேபிளைக் கழற்றி, உள்கம்பியை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். மணல் நெரிவது போல விரலுக்குத் தெரிந்தாலோ, எங்காவது குத்தினாலோ அந்தக் கேபிளின் ஆயுள் முடிந்தது.

இனி ஓடும்போது நடந்தால். கிளச்சை அமர்த்தி கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். அதே நேரத்தில் பிரேக்கை ஒரே மிதியாகப் பலமாக மிதித்து, விடாமல் பிடியுங்கள். விட்டு விட்டு மிதிக்கவே கூடாது. பெற்றோல் காரில் காலின் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டர், எஞ்சின் உறிஞ்சுகிற வெற்றிடத்தில் வேலை செய்கிறது. த்ரொட்டில் முழுதாகத் திறந்து கிடக்கும்போது அந்த வெற்றிடம் அநேகமாக இல்லை. பூஸ்டருக்குள் மிச்சம் இருப்பது ஒன்றிரண்டு மிதிக்குத்தான் காணும். உங்கள் பெடல் இரண்டாம் தரம் இறுகியது இதனால்தான். நியூட்ரலில் எஞ்சின் காது கிழியக் கத்தும், கத்தட்டும். எஞ்சினைப் பற்றி அப்போது யோசிக்காதீர்கள். ஓரத்தில் நின்ற பிறகு திறப்பைத் திருப்புங்கள். ஓடும்போது திறப்பை முழுதாகத் திருப்பி எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். கையால் பெடலைத் தூக்கக் குனியவும் வேண்டாம்.


அறிவியல்நகர் மாணவன் எழுதியது:

கிளிநொச்சி பொறியியல் பீடத்தில் படிக்கிறேன். ஐயா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ரீச்சர், எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டிங் றப்பர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். அவை கிழிந்திருந்தால், மிதிக்கும்போது எஞ்சின் தன் இடத்தில் இருந்து எழும்பிக் கேபிளை இழுக்கும்; நீங்கள் மிதிக்காமலே த்ரொட்டில் மேலும் திறக்கும். இது கற்பனை அல்ல. 1971ஆம் ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இதே காரணத்துக்காக 67 இலட்சம் வாகனங்களைத் திருப்பி அழைத்தது. மவுண்டிங் உடைந்தாலும் எஞ்சின் எழும்பாமல் இருக்க அவற்றுக்கு ஒரு கட்டுக்கம்பி பூட்டினார்கள். நம் குறுக்கு வீதிக் குழிகளில் தினமும் ஓடும் காருக்கு இதைப் பார்க்காமல் விடக் கூடாது.

கேபிள் இல்லாத புதிய கார் வைத்திருப்பவர்களும் இதை வாசிக்க வேண்டும். அவற்றில் பெடலுக்குக் கீழே உணரிகள் இருக்கின்றன, த்ரொட்டிலை மோட்டார் திறக்கிறது. அப்படிப்பட்ட காரிலும் விரிப்பு பெடலைப் பிடித்தால் கதை ஒன்றுதான். 2009 ஓகஸ்டில் அமெரிக்காவின் சான் டியாகோ அருகே ஒரு லெக்சஸ் காரில் நால்வர் இறந்தார்கள். வேறு மாதிரிக் காருக்குரிய தடித்த றப்பர் விரிப்பு அதில் கிடந்து, அக்சிலேற்றரைப் பிடித்திருந்தது. அதன் பிறகு டொயோட்டா விரிப்புக்காக 38 இலட்சம் வாகனங்களையும், 2010 ஜனவரியில் ஒட்டிக்கொள்ளும் பெடலுக்காக 23 இலட்சம் வாகனங்களையும் அங்கே திருப்பி அழைத்தது. மின்னணுக் கோளாறு என்ற சந்தேகத்தை நாசா பொறியியலாளர்கள் ஆராய்ந்தார்கள். அப்படி ஒன்றைக் காணவில்லை என்று 2011 பெப்ரவரியில் அறிக்கை வந்தது. 2013இல் ஒக்லஹோமாவில் ஒரு வழக்கின் ஜூரிகள் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள் என்பதால் அந்த விவாதம் அதோடு அடங்கவில்லை. பிரேக்கை மிதித்தால் அக்சிலேற்றரின் கட்டளையை நிறுத்திவிடும் ஏற்பாடு இன்று பல கார்களில் வந்துவிட்டது. பழைய கேபிள் கார்களில் அது இல்லை.

மழைக்காலத்தில் சேற்றுக்குப் பயந்து, காரோடு வந்த விரிப்பின் மேல் கடையில் வாங்கிய இன்னொரு றப்பரைப் போடும் வழக்கம் இங்கே நிறைய இருக்கிறது. சாரதியின் காலடியில் மட்டுமாவது அதைச் செய்யாதீர்கள்.


புதுக்குடியிருப்பு வான் எழுதியது:

டீசல் வான் ஓட்டுபவன் என்ற முறையில் எழுதுகிறேன். எங்கள் எஞ்சின்களில் வேறு ஒரு ஆபத்தும் உண்டு. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டேர்போவின் சீல் போனால் எஞ்சின் தன் சொந்த ஒயிலையே எரித்து வேகம் எடுக்கும். வெள்ளையும் நீலமுமாகப் புகை வரும். டீசலை நிறுத்தினாலும் நிற்காது, திறப்பைத் திருப்பினாலும் நிற்காது. வானை நிறுத்திப் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, மேல் கியரில் போட்டுக் கிளச்சை விட்டு எஞ்சினை மூச்சடைக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று உறிஞ்சும் குழாயைப் பலகை ஒன்றால் அடைக்க வேண்டும், வெறுங்கையால் அல்ல. பரந்தன் அண்ணை, நான் சொல்வது சரிதானே?


பரந்தன் மெக்கானிக் எழுதியது:

சரி தம்பி. துணியாலும் அடைக்காதே, உள்ளே இழுத்துக்கொண்டுவிடும். எஞ்சின் அதற்குள் வெடிக்கும் நிலைக்குப் போயிருந்தால் ஆட்களை இறக்கிக்கொண்டு விலகிவிடு.


ஒட்டுசுட்டான் ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. என் தம்பியை வைத்து ஐயா சொன்னபடியே பார்த்தோம். கேபிளைக் கழற்றியதும் த்ரொட்டில் சில்லு சட்டென்று மூடியது. பெடல் பக்கம் கழற்றியபோது உறையின் வாய்க்குச் சற்று உள்ளே கம்பிகள் அறுந்து விரிந்து நின்றன. தம்பியின் பெருவிரலில் ஒன்று ஏறிவிட்டது. உறைக்குள்ளிருந்து செங்கல் நிறக் களி வந்தது. மவுண்டிங்கில் முன்பக்க றப்பரும் வெடித்திருக்கிறது. மாணவத் தம்பிக்குத் தனியாக நன்றி, அதை நாங்கள் பார்த்திருக்கவே மாட்டோம்.

கிளிநொச்சியில் உதிரிப்பாகக் கடையில் கேட்டேன். புதிய கேபிள் வவுனியாவில் இருந்து வர வேண்டுமாம். உடைத்த காரில் கழற்றிய கேபிள் ஒன்று கையில் இருக்கிறது, பாதி விலைக்குத் தரலாம் என்கிறார்கள். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. அதைப் போடலாமா?


பரந்தன் மெக்கானிக் எழுதியது:

வேண்டாம் ரீச்சர். கதவு, கண்ணாடி, லைட் எல்லாம் உடைத்த காரில் வாங்குங்கள், நானே வாங்கிக் கொடுப்பேன். இந்தக் கேபிளையும் பிரேக் சாமானையும் மட்டும் புதிதாக வாங்குங்கள். அந்தக் கேபிளும் உங்களுடையதின் வயதுதான். வெளியே பளபளப்பாக இருப்பதில் ஒன்றும் தெரியாது. உங்களுடையதும் வெளியே நன்றாகத்தானே இருந்தது.

பூட்டும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். மவுண்டிங்கை முதலில் மாற்றச் சொல்லுங்கள், கேபிளை அதற்குப் பிறகு. கேபிள் போகும் வழியில் பழைய கிளிப்புகள் எல்லாம் திரும்பப் பூட்டப்பட வேண்டும். ஒன்று விடுபட்டாலும் உறை எஞ்சினின் சூடான புகைக் குழாய்ப் பக்கம் சாய்ந்து, சூட்டில் உள்குழாய் உருகி ஒட்டிக்கொள்ளும். இப்படி வந்த கார்களைப் பார்த்திருக்கிறேன். பெடல் சும்மா இருக்கும்போது கேபிள் விரலால் தொட்டால் ஆடும் அளவுக்குச் சிறிது தளர்வாக இருக்கட்டும்; விறைப்பாகப் பூட்டினால் கார் நிற்கும்போதே எஞ்சின் கூடுதலாகச் சுற்றும். பெடலை அடிவரை மிதித்தால் த்ரொட்டில் முழுதாகத் திறக்க வேண்டும், விட்டால் ‘டக்’கென்று மூட வேண்டும். எஞ்சின் சூடான பிறகும் ஒருமுறை இதைச் செய்து பாருங்கள். பிறகு ஆட்களை ஏற்றாமல் இரணைமடுப் பக்கம் வெறும் வீதியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த நாள் ஒட்டுசுட்டானுக்குப் போங்கள்.

கழற்றிய கேபிளைக் கராஜிலேயே இரண்டாக வெட்டச் சொல்லுங்கள். முழுதாகக் கிடந்தால் யாராவது எடுத்துத் துடைத்து இன்னொரு காருக்குப் போட்டுவிடுவார்கள். தம்பியின் விரலுக்கு ஏற்பூசி போட்டீர்களா?