காதில் ரீங்காரம்: குற்றவாளி திறந்த கூரையா?

ஊதற்காற்று:
பதினோரு ஆண்டுகளாகக் கூரை திறக்கும் கார்தான் ஓட்டுகிறேன். மழை இல்லாத நாளில் கூரையை மூடியதாக நினைவே இல்லை. வேலைக்குப் போகவும் வரவும் நெடுஞ்சாலையில் தினமும் ஒன்றரை மணி நேரம்.

சென்ற மாதம் ஓர் இரவு குளிர்பதனப் பெட்டி இரைகிறது என்று எழுந்துபோய் இணைப்பைப் பிடுங்கினேன். சத்தம் நிற்கவில்லை. மின்விசிறியை அணைத்தேன். அப்போதும் நிற்கவில்லை. தலையணையில் காதை அழுத்திப் படுத்தபோதுதான் புரிந்தது: சத்தம் வீட்டில் இல்லை, எனக்குள் இருக்கிறது. ஙொய் என்று, ஏற்ற இறக்கம் இல்லாமல், ஜன்னல் பக்கத்துக் காதில் மட்டும்.

காரணம் கார்தான் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஒரு பக்கம் மட்டும் இரைவதே அதற்குச் சாட்சி. வாங்கும்போது கொடுக்கும் கையேட்டில் காற்றுப்பையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள், காதைப் பற்றி ஒரு வரி இல்லை. இந்த வகைக் கார்களில் எச்சரிக்கை வாசகம் கட்டாயமாக வேண்டும் என்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

மூடாக்கூரை:
வந்துவிட்டேன். இருபத்திரண்டு ஆண்டுகள், மூன்று கார்கள், மூன்றும் திறந்த கூரை. பக்கத்து அறையில் பேரன் மிட்டாய்த் தாளைப் பிரித்தால் எனக்கு இங்கே கேட்கிறது.

பெரியவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்காவது காதிரைச்சல் உண்டு. அவர்களில் எத்தனை பேர் திறந்த காரைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்? உங்களுக்கு வயது ஏறியிருக்கும், கார் கூடவே இருந்திருக்கிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஏற்கெனவே கண்ணாடியில், கதவில், சூரியத் தடுப்பில் எல்லாம் வாசகம் ஒட்டி வைத்திருக்கிறார்கள். இன்னும் ஒன்றை எங்கே ஒட்டுவது, என் நெற்றியிலா?

ஒலிமானி:
இருவருக்கும் சில எண்கள். செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2011இல் ஓர் அளவீட்டை வெளியிட்டார்கள். ஐந்து கார்கள், ஓட்டுநரின் காதருகே ஒலிமானி. கூரை திறந்த நிலையில் மணிக்கு 88 கிலோமீட்டரைத் தாண்டியதும் சராசரி 85 டெசிபலுக்கு மேல் போனது. 120ஐ நெருங்கியபோது உச்ச அளவு 99.

85 என்ற எண் ஏன் முக்கியம் என்றால், அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்குப் பரிந்துரைக்கும் வரம்பு அதுதான். அதற்குமேல் மூன்று டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு மணி, 94க்கு ஒரே மணி. ஊதற்காற்று அவர்களின் காரில் 91 என்று வைத்துக்கொண்டால் தினசரிப் பங்கில் முக்கால்வாசி சாலையிலேயே தீர்கிறது. 94 என்றால் ஒன்றரை மடங்கு.

மூடாக்கூரை:
நன்றாகக் கவனியுங்கள். ஐந்து கார்களை அளந்தார்கள். ஒருவரின் காதையாவது அளந்தார்களா? சத்தம் இருக்கிறது என்பது ஒன்று, அதனால் இத்தனை பேர் செவிடானார்கள் என்பது வேறு. முதலாவதைக் காட்டிவிட்டு இரண்டாவதை விற்கிறீர்கள்.

மேலும் அந்த வரம்பு தொழிற்சாலையில் தினம் எட்டு மணி நேரம், நாற்பது ஆண்டுகள் நிற்பவனுக்காக வகுத்தது. வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமையில் காற்று வாங்கப் போகிறவனுக்கு அல்ல.

ஒலிமானி:
முதல் பாதி நியாயம், ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆய்வு காரின் ஒலியைச் சொல்கிறது, ஓட்டுநரின் காதை அல்ல. இரண்டாம் பாதி பொருந்தவில்லை. இந்த இழையைத் தொடங்கியவர் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநர் அல்ல, தினமும் ஒன்றரை மணி நேரம் போகிறவர்.

இரட்டைச்சக்கரம்:
மோட்டார் சைக்கிள் ஓட்டும் எங்களுக்கு இந்த விவாதம் எப்போதோ முடிந்துவிட்டது. தலைக்கவசத்துக்குள் பஞ்சுபோன்ற காதடைப்பான் இல்லாமல் நெடுந்தூரம் போகிறவனை எங்கள் கூட்டத்தில் புதியவன் என்றுதான் நினைப்போம். நாலு சக்கரம் இருப்பதால் காற்று உங்களிடம் மரியாதையாக நடந்துகொள்ளும் என்று யார் சொன்னது?

மூடாக்கூரை:
காதை அடைத்துக்கொண்டு ஓட்டினால் ஆம்புலன்ஸ் வருவது எப்படித் தெரியும்?

இரட்டைச்சக்கரம்:
காற்றும் சைரனும் சேர்ந்தே குறையும், ஐயா. இரைச்சலை விடச் சைரன் எவ்வளவு ஓங்கியிருந்ததோ அந்த வித்தியாசம் அப்படியே இருக்கும். வெயிலில் கறுப்புக் கண்ணாடி போட்டால் எதிரே வரும் லாரி மறைந்துவிடுகிறதா? ஆனால் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. ஓட்டும்போது இரு காதையும் அடைக்கக்கூடாது என்ற விதி சில இடங்களில் உண்டு. பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.

செவிநிலை:
நான் செவித்திறன் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். காதடைப்பான் பற்றி ஒரு திருத்தம்: நல்ல செவி உள்ளவருக்கு மேலே சொன்னது சரி. ஏற்கெனவே கேட்கும் திறன் குறைந்தவருக்கு, அவர் கேட்கக்கூடிய எல்லைக்கும் கீழே சைரனைத் தள்ளிவிட வாய்ப்பு உண்டு. அவர் மருத்துவரிடம் கேட்டுவிட்டு அணிவதே நல்லது.

இப்போது ஊதற்காற்று அவர்களுக்கு. ஒரு பக்கம் மட்டும் இரைவதை உங்கள் வாதத்தின் வலுவான சாட்சியாக வைக்கிறீர்கள். எங்கள் பார்வையில் அதுவே வாதத்தின் பலவீனமான இடம். கூரை திறந்திருந்தால் காற்று முன்கண்ணாடியின் மேல் விளிம்பில் பிரிந்து, தலைக்குப் பின்னால் சுழன்று, இரு காதுகளையும் தாக்கும். கூரையை மூடி ஒற்றை ஜன்னலை மட்டும் இறக்கி ஓட்டுபவருக்குத்தான் ஒரு பக்கம் கூடுதலாக அடிபடும். ஜன்னல் பக்கம் ஓரளவு மோசமாகலாம், ஆனால் ‘ஒரு காதில் மட்டும்’ என்று ஒருவர் சொன்னால் மருத்துவர் முதலில் வேறு காரணங்களைத் தேடுவார். காதழுக்கு, தாடை மூட்டுக் கோளாறு, அரிதாகச் செவிநரம்பில் தீங்கற்ற கட்டி. கட்டி என்ற சொல்லைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள், அது மிக அரிது. இருந்தாலும் அதை விலக்கிவிட்டுத்தான் காரின்மேல் வழக்குப் போட வேண்டும்.

இன்னொன்று. இரைச்சலோடு ஒரு காது திடீரெனக் கேட்காமல் போனால் அது அவசர நிலை. ஸ்டீராய்டு சிகிச்சை சில நாட்களுக்குள் தொடங்க வேண்டும். அப்போது இங்கே வந்து எழுதிக்கொண்டிருக்காதீர்கள்.

மூடாக்கூரை:
பார்த்தீர்களா! வல்லுநரே சொல்லிவிட்டார்.

செவிநிலை:
நான் உங்கள் பக்கம் பேசவில்லை, ஐயா. மிட்டாய்த் தாள் கேட்பது நல்ல அறிகுறி, மெல்லிய, உச்சசுருதி ஒலிகள் இன்னும் எட்டுகின்றன. ஆனால் கல்யாண வீட்டுக் கூட்டத்தில் எதிரே இருப்பவர் பேசுவது புரிகிறதா? 2009இல் எலிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில், பலத்த ஒலிக்குப் பிறகு கேட்கும் அளவு பழைய நிலைக்குத் திரும்பியது. ஆனால் காதுக்குள் ஒலியை உணரும் செல்லுக்கும் நரம்புக்கும் இடையே இருந்த இணைப்புகளில், சில இடங்களில் பாதி வரை திரும்பவில்லை. மனிதருக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பதில் இன்றும் வாதம் உண்டு. வழக்கமான சோதனை சரியாக இருக்கிறது என்பதாலேயே காது முழுதாக இருக்கிறது என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

பாட்டுப்பிரியை:
ஒரு சந்தேகம். நெடுஞ்சாலையிலிருந்து வீட்டுக்கு வந்து காரை அணைத்துவிடுவேன். மறுநாள் காலை சாவியைத் திருகியதும் பாட்டு அலறும். பக்கத்து வீட்டு நாய் குரைக்கும் அளவுக்கு. இதற்கும் இந்த விஷயத்துக்கும் தொடர்பு உண்டா?

ஒலிமானி:
இதுவரை இங்கே வந்ததில் இதுதான் நல்ல கேள்வி. காற்று 88 என்றால் பாட்டு காதில் விழ அதைவிடச் சற்றே ஓங்க வேண்டும், 94 என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்து 95. காற்று மட்டும் இருந்தால் நான்கு மணி நேரம், பாட்டும் சேர்ந்தால் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. காலையில் நீங்கள் திடுக்கிடும் அந்த அளவைத்தான் முந்தின மாலை ‘கேட்கவே மாட்டேன் என்கிறதே’ என்று கூட்டிவைத்தீர்கள்.

மூடாக்கூரை:
அப்படியென்றால் குற்றம் பாட்டின்மேல். கூரை விடுதலை.

நேற்று நானே அளந்து பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கைபேசியில் ஒலி அளக்கும் செயலி, 80 கிலோமீட்டர் வேகம். 97 காட்டியது! எனக்குக் காது கூசவே இல்லை. உங்கள் எண்களின் லட்சணம் இதுதான்.

ஒலிமானி:
கைபேசியின் மைக்கில் காற்று நேரடியாக மோதியிருக்கிறது. அது அளந்தது ஒலியை அல்ல, தன்மேல் விழுந்த அடியை. அதனால்தான் ஆய்வுகளில் மைக்குக்கு நுரையுறை மாட்டுவார்கள். ஆனால் அவசரப்பட்டு மகிழாதீர்கள். உங்கள் காதுமடலுக்கு யாரும் நுரையுறை மாட்டவில்லை. மடலின் மடிப்புகளில் காற்று சுழன்று எழுப்பும் இரைச்சல் காதுக்குள்ளேயே பிறக்கிறது, உறை மாட்டிய கருவி அதைப் பிடிப்பதில்லை.

நீங்கள் சொன்னதில் எனக்குப் பிடித்தது 97 அல்ல, 80. காற்றொலியின் திறன் வேகத்தின் ஏறத்தாழ ஆறாம் படியில் ஏறும். 80இலிருந்து 110க்குப் போனால் எட்டு டெசிபல் கூடும், பாதுகாப்பான நேரம் ஆறில் ஒன்றாகச் சுருங்கும். சீக்கிரம் போய்ச் சேர்கிறோமே என்று சொல்லாதீர்கள், பயண நேரம் கால்வாசிதான் குறைகிறது. இருபத்திரண்டு ஆண்டுகளாக உங்கள் காதைக் காத்தது உங்கள் வம்சத்து வலிமை அல்ல, உங்கள் நிதானமான வலதுகால்.

மூடாக்கூரை:
என்னைக் கிழவன் என்கிறீர்கள். நாகரிகமாகச் சொன்னதற்கு நன்றி.

ஊதற்காற்று:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஸ்கேன் எடுத்தார்கள், கட்டி இல்லை. செவிச் சோதனை வரைபடத்தில் இரு காதுகளிலும் 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம், அதாவது அந்தச் சுருதியில் கேட்கும் திறன் குறைவு. ஜன்னல் பக்கம் கொஞ்சம் ஆழம். சத்தத்தால் வரும் சேதத்தின் வழக்கமான அடையாளம் என்றார் மருத்துவர். ஆக, இரு காதும் அடிபட்டிருக்கிறது, ஒன்றுதான் வாய் திறந்திருக்கிறது.

எந்தச் சத்தம் என்று கேட்டேன். “பள்ளத்தில் கையெழுத்து இருக்காது” என்றார். பிறகு வேறு என்னென்ன செய்வீர்கள் என்று விசாரித்தார். ஓய்வு நாளில் தச்சு வேலை செய்வேன் என்று சொன்னேன். வட்ட ரம்பத்தின் ஒலி 100 டெசிபலைத் தொடும் என்று எனக்குத் தெரியாது. காது உறை எதுவும் போட்டதில்லை.

மூடாக்கூரை:
ரம்பம்! இத்தனை நாளும் ரம்பத்தை மறைத்துவிட்டுக் கார்மேல் பழி போட்டிருக்கிறீர்கள்!

ஊதற்காற்று:
மறைக்கவில்லை, அது சத்தம் என்றே எனக்குத் தோன்றவில்லை. ரம்பம் ஓடுவது வாரத்தில் இருபது நிமிடம், கார் ஏழரை மணி நேரம். எச்சரிக்கை வாசகம் வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. ரம்பத்தின் பெட்டியில் அது இருக்கிறது. போய்ப் பார்த்தேன், காதுறை அணிந்த தலையின் படம். காரில் இல்லை.

இப்போது கூரையைத் திறந்தாலும் நான்கு ஜன்னல்களையும் ஏற்றிவிடுகிறேன், பின்னால் காற்றுத் தடுப்பு வலையை நிறுத்துகிறேன், நெடுஞ்சாலையில் கூரையையும் மூடுகிறேன். இரைச்சல் குறையவில்லை. இரவில் மெல்ல மழைச் சத்தம் வைத்துக்கொண்டு தூங்குகிறேன்.

செவிநிலை:
ஒலியை உணரும் நுண்மயிர் செல்கள் அழிந்தால் மனிதக் காதில் மறுபடி முளைப்பதில்லை, அதனால் குறையும் என்று வாக்குத் தர மாட்டேன். ஆனால் பலருக்கு மூளை அந்த ஒலியைப் பொருட்படுத்துவதை மெல்ல மெல்லக் கைவிடுகிறது. மழைச் சத்தம் நல்ல யோசனை. ஆறு மாதம் கழித்து வரைபடத்தை மறுபடி எடுங்கள்.

மூடாக்கூரை:
வாசகம் தேவையில்லை என்பதில் நானும் மாறவில்லை.

போன ஞாயிறு ஜன்னல்களை ஏற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தேன், சும்மாதான். பாதி வழியில் எங்கிருந்தோ டிக் டிக் என்று ஒரு சத்தம். எஞ்சினில் ஏதோ உடைந்துவிட்டது என்று ஓரமாக நிறுத்தி, மூடியைத் திறந்து கால் மணி நேரம் தேடினேன். இண்டிகேட்டர். எத்தனை கிலோமீட்டராக அணைக்காமல் வந்தேன் என்று தெரியவில்லை.