பிஏ வேலை: உள்ளே இருப்பவர்கள் சொல்லுங்களேன்

புதுமுகம்:
வணக்கம். நிர்வாகப் பிரிவில் உதவியாளராக இருக்கிறேன். நிர்வாக இயக்குநரின் பிஏ (தனி உதவியாளர்) வேலைக்கு இன்டர்வியூ வந்திருக்கிறது. டைப்பிங், எக்செல் எல்லாம் கைவந்தவைதான். அதற்கு மேல் என்ன எதிர்பார்ப்பார்கள் என்று பிடிபடவில்லை. உங்களுக்கு நடந்ததைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய ஸ்டெனோ:
டைப்பிங்கை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை தம்பி. என்னிடம் கேட்ட கேள்வி இது: "நான் விமானத்தில் இருக்கிறேன், போன் கிடைக்காது. முக்கியமான வாடிக்கையாளர் ஒருவர், நாளை காலை பத்து மணியை விட்டால் வேறு நேரமே இல்லை என்கிறார். அதே பத்து மணிக்கு போர்டு மீட்டிங். என்ன செய்வீர்கள்?"

"உங்கள் காலண்டரில் கைவைக்க எனக்கு எவ்வளவு உரிமை கொடுப்பீர்கள் என்று தெரிந்தால் பதில் சொல்வேன்" என்றேன். மனிதர் பேனாவை மூடி வைத்துவிட்டார். மீதி நேரம் முழுக்க அதைப் பற்றித்தான் பேசினோம். வேலையில் சேர்ந்த முதல் வாரமே அதை எழுத்தில் வாங்கிக்கொண்டேன்: எதைக் கேட்காமல் செய்யலாம், எதைச் செய்துவிட்டுச் சொல்லலாம், எதைக் கேட்ட பிறகுதான் தொடவேண்டும். சாதாரண சந்திப்பைத் தள்ளிவைப்பது முதல் வகை. பணம், கையெழுத்து, ஆள் சேர்ப்பது, நீக்குவது எல்லாம் கடைசி வகை. நடுவில் உள்ளதில்தான் தகராறு வரும். அதனால் மாதம் ஒருமுறை அந்தத் தாளை எடுத்து வைத்து இருவரும் திருத்துவோம்.

சுருக்கெழுத்தை இப்போது கம்பெனிகளில் அதிகம் கேட்பதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

காலண்டர்காரி:
ஸ்டெனோ அண்ணன் சொன்னதற்கு மேல் ஒன்று. லண்டன், நியூயார்க் இரண்டுக்கும் 5 மணி நேர வித்தியாசம் என்று மனப்பாடம் செய்து வைத்திருப்போம். அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறே கோடைக்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடும். பிரிட்டன் தள்ளுவது கடைசி ஞாயிறு. இடைப்பட்ட அந்த இரண்டு மூன்று வாரமும் வித்தியாசம் 4 மணி நேரம்தான். எங்கள் மேலதிகாரி லண்டனில் இருப்பவர். நியூயார்க் ஆட்கள் காலை 9 மணிக்குப் போடும் வாராந்திர கால் அவருக்கு மதியம் 2 மணிக்கு வரும். அந்த வாரங்களில் அது ஒரு மணிக்கு நகர்ந்துவிடும். நான் வெள்ளிக்கிழமை அடுத்த வாரத்தைப் புரட்டுகிற ஆள் என்பதால், ஒரு மணிக்கு ஏற்கெனவே இருந்த ஆடிட்டர் சந்திப்போடு அது மோதி நிற்பது முன்பே கண்ணில் பட்டது. அக்டோபர் கடைசியிலும் ஒரு வாரம் இதே கூத்து உண்டு.

பயணம் என்றால் டிக்கெட்டுக்கு முன் பாஸ்போர்ட்டை வாங்கிப் பாருங்கள். காலாவதி ஆக இன்னும் ஆறு மாதமாவது இருக்கவேண்டும் என்று பல நாடுகள் கேட்கும்.

தப்பித்தவன்:
வேலை தேடுகிறவர்களுக்கு: பிஏ வேலை என்ற பெயரில்தான் எனக்கு வலை விரித்தார்கள். இன்டர்வியூ கிடையாது. "வெளிநாட்டில் இருக்கிறேன், பேச வசதியில்லை, மெயிலிலேயே வேலையைச் சொல்கிறேன்" என்றார் ஒருவர். பின்னாலேயே ஒரு செக் வந்தது. அதைக் கணக்கில் போட்டு, என் சம்பளத்தை எடுத்துக்கொண்டு, மீதிக்கு கிஃப்ட் கார்டு வாங்கி அதன் நம்பரைப் படம் பிடித்து அனுப்பவேண்டுமாம். போடாமல் நேரே வங்கியில் கொண்டுபோய்க் காட்டினேன். அங்கே சொன்னார்கள்: செக் உண்மையில் பாஸ் ஆவதற்கு முன்பே பணம் கணக்கில் தெரியலாம். போலி என்று பிறகு திரும்பினால், அனுப்பிய பணத்துக்கு நான்தான் பொறுப்பு.

காலண்டர்காரி:
வேலைக்குள் வந்த பிறகும் இது விடாது. மேலதிகாரி பெயரிலேயே "மீட்டிங்கில் இருக்கிறேன், அவசரம், உடனே பணம் அனுப்பு" என்று மெயில் வரும். பெயரை நம்பாமல் முகவரியைப் பாருங்கள். அந்த மெயிலுக்கே பதில் போட்டுக் கேட்காதீர்கள், உங்களிடம் ஏற்கெனவே உள்ள நம்பரில் கூப்பிடுங்கள். மீட்டிங்கில் தொந்தரவு செய்தாய் என்று திட்டினால் திட்டட்டும்.

புதுமுகம்:
நன்றி அக்கா, அண்ணன். மற்ற ஊழியர்களோடு எப்படி? பிஏ என்றாலே ஒற்றன் மாதிரி பார்ப்பார்களாமே?

பழைய ஸ்டெனோ:
பார்ப்பார்கள். தினமும் யாராவது மேசைப் பக்கம் வந்து "சார் மூடு எப்படி?" என்பார்கள். "பதினொன்றரைக்குப் பத்து நிமிடம் காலியாக இருக்கிறார், போடட்டுமா?" என்பதுதான் என் பதில். மூடைப் பற்றி ஒருநாள் வாய் திறந்தால் மறுநாளிலிருந்து அதுவே உத்தியோகமாகிவிடும்.

இன்டர்வியூ முடிவில் நீங்கள் ஒன்று கேளுங்கள் தம்பி: இந்த நாற்காலியில் இதற்கு முன் இருந்தவர் இப்போது எங்கே? அதே நிறுவனத்தில் மேலே போயிருந்தால் தைரியமாகச் சேரலாம். அடுத்தடுத்து பலர் வந்து ஓடியிருந்தால், சம்பளம் எவ்வளவு என்றாலும் இரண்டு முறை யோசிப்பேன்.