கரையேறும்போது கடைசி நேரத்தில் கயாக் குறுக்கே திரும்பிக் கவிழ்கிறது. என்ன செய்யலாம்?

புதுத்துடுப்பு (கேள்வி):

வணக்கம். என்னிடம் இருப்பது மேலே உட்காரும் வகை மீன்பிடி கயாக் (துடுப்புப் போடும் சிறு படகு). நீளம் 3.6 மீட்டர், அகலம் 86 சென்டிமீட்டர், பெடல் உண்டு. கடலுக்குள் இறங்குவதில் சிக்கல் இல்லை, திரும்பி வரும்போதுதான் தொல்லை. அலை உடையும் இடத்திலிருந்து கரை வரை சுமார் 30 மீட்டர். இடுப்பளவு அலை, 6 விநாடிக்கு ஒன்று. ஓர் அலை கடந்ததும் அதன் பின்னாலேயே துடுப்புப் போட்டு வருகிறேன். பாதிக்கு மேல் நேராக வருகிறது. கரைக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் இருக்கும்போது பின்னாலிருந்து நுரை அடிக்கிறது, கயாக் குறுக்கே திரும்பிக் கரைப்பக்கமாகக் கவிழ்கிறது. பின்னால் பெட்டியில் ஐஸும் மீனுமாக 15 கிலோ. தூண்டில் ராடு இரண்டும் ஹோல்டரில் நிற்கும். சுமையை முன்னால் மாற்ற வேண்டுமா? இல்லை, இன்னும் வேகமாக வர வேண்டுமா?

அலைவாய்:

நீங்கள் கொடுத்த அளவுகளிலேயே பதில் இருக்கிறது. சாமான் ஏற்றிய கயாக்கில் சாதாரணமாகத் துடுப்புப் போட்டால் விநாடிக்கு 1.5 மீட்டர் போகலாம். 1 மீட்டர் ஆழத்தில் அலை விநாடிக்கு ஏறக்குறைய 3 மீட்டர் ஓடும். நீங்கள் புறப்பட்ட 6 விநாடியில் அடுத்த அலை உடையும் இடத்துக்கு வந்துவிடும், அப்போது நீங்கள் 9 மீட்டர்தான் வந்திருப்பீர்கள். அந்த இடைவெளியை அது அடுத்த 6 விநாடியில் கடந்துவிடும். அதாவது கரைக்கு 12 மீட்டர் இருக்கும்போது நுரை உங்களைப் பிடிக்கும். உங்களுக்கு நடப்பது இதேதான்.

விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வந்தால் 15 விநாடியில் கரை தொடலாம், அலை உங்களை எட்ட 18 விநாடி ஆகும். ஆக, வேகம் உதவும். ஆனால் ஒரு துடுப்பு வீச்சு தவறினாலே அந்த 3 விநாடி போய்விடும். அதனால் வேகத்தைவிட எந்த அலைக்குப் பின்னால் புறப்படுகிறீர்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அலைகள் கூட்டமாக வரும். பெரிய அலைகள் சில அடுத்தடுத்து வந்த பிறகு சிறிது நேரம் சின்ன அலைகளாக இருக்கும். உடையும் கோட்டுக்கு 20, 30 மீட்டர் வெளியே, கயாக்கின் மூக்கைக் கடல் பக்கம் வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து நிமிடம் பாருங்கள். கூட்டத்தின் கடைசிப் பெரிய அலை அடியில் கடந்ததும் திரும்பி, அதன் முதுகிலேயே வாருங்கள். அதை முந்திவிடாதீர்கள். முந்தினால் அதன் முகத்தில் சறுக்கி மூக்கு குத்தும்.

குறுக்கே திரும்புவதன் காரணம் இது: நுரை பின்பக்கத்தைத் தூக்கி முன்னே தள்ளுகிறது. அதே நேரம் மூக்கு, கரையிலிருந்து திரும்பி ஓடும் தண்ணீரில் புதைந்து நிற்கிறது. முன்னால் பிடிப்பு, பின்னால் தள்ளல். பின்பக்கம் சுற்றிக்கொண்டு வராமல் வேறு வழியில்லை. சுமையை முன்னால் மாற்றினால் மூக்கு இன்னும் ஆழமாகப் புதையும், மாற்றாதீர்கள்.

மணல்திட்டு:

சுமை பின்னால் இருப்பது சரி, உயரத்தில் இருப்பதுதான் தவறு. பெட்டியை நிமிர்த்தி வைக்காமல் படுக்கவைத்துக் கட்டுங்கள். மீனை உள்ளறையில் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. இருக்கைக்கு இரண்டு நிலை இருந்தால், அலைக்குள் நுழையும் முன் கீழ்நிலைக்கு இறக்கிவிடுங்கள்.

உடையும் கோட்டுக்கு வெளியிலேயே செய்து முடிக்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன. அந்த ராடுகளை ஹோல்டரில் விடவே கூடாது. கவிழும்போது முனை மணலில் குத்தி உடையும், அதைவிட மோசம் கொக்கி உங்கள் மேல் ஏறுவது. கொக்கியைக் கழற்றி, ராடை உள்ளே தள்ளுங்கள், அல்லது தரையோடு படுக்கவைத்து இரண்டு இடத்தில் கட்டுங்கள். ஃபிஷ் ஃபைண்டர் (மீன் இருக்குமிடம் காட்டும் கருவி) திரையைக் கழற்றி உள்ளே வையுங்கள். நங்கூரக் கயிறு ஒரு முழம்கூட வெளியே தொங்கக் கூடாது. துடுப்பு லீஷை (துடுப்பைக் கட்டும் கயிறு) அவிழ்த்துவிடுங்கள், உங்களையும் கயாக்கையும் எந்தக் கயிறும் இணைக்கக் கூடாது.

பெடல் துடுப்பு மட்டை வகை என்றால், ஒரு பெடலை முழுக்க முன்னே தள்ளுங்கள், மட்டைகள் அடிப்பகுதியோடு ஒட்டிக்கொள்ளும். புரொப்பெல்லர் வகை என்றால் மேலே தூக்கிக் கட்டுங்கள். கட்டாத இரும்பு கவிழும்போது முகத்தில் வந்து விழும். ரட்டரையும் (பின்னால் இருக்கும் சுக்கான்) தூக்கிப் பூட்டுங்கள், மணலில் தட்டினால் அதைப் பொருத்தும் ஊசி வளையும். ஸ்கப்பர் (மேல்தளத்தின் வடிகால் துளை) அடைப்புகளை எடுத்துவிட்டால் மேல்தளத்தில் ஏறும் தண்ணீர் தானாக வடியும்.

பலரும் விட்டுவிடும் ஒன்று: ஹேட்ச் (உள்ளறை வாய்) மூடியைத் திறந்து உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே பத்து லிட்டர் என்றால் பத்துக் கிலோ, அதுவும் சாயும் பக்கமெல்லாம் ஓடும் பத்துக் கிலோ. பம்ப் செய்து வெளியேற்றிவிட்டு, மூடியை இறுக்கிய பிறகே உள்ளே வாருங்கள்.

நெடுங்கடல்:

அலைவாய் சொன்ன முறை சின்ன அலைக்குப் போதும். இடுப்பளவுக்கு மேல் போனால் நான் சொல்வது பின்னோக்கி வருவது. மூக்கைக் கடல் பக்கமே வைத்து, அலைகளுக்கு இடையில் பின்துடுப்புப் போட்டு வாருங்கள். அலை நெருங்கும்போது பின்துடுப்பை நிறுத்தி, முன்னோக்கி இரண்டு மூன்று வீச்சு பலமாகப் போட்டு மூக்கால் அதைச் சந்தியுங்கள். கடந்ததும் மறுபடி பின்னோக்கி. அலையை ஏறிக் கடப்பதற்கே மூக்கு மேல்நோக்கி வளைந்திருக்கிறது, பின்பக்கம் அப்படி இல்லை. வருவது என்ன என்பதையும் கண்ணால் பார்க்கலாம். நேரம் அதிகம் எடுக்கும், தோள் களைக்கும். இருந்தாலும் சாமான் நிறைந்த கயாக்குக்கு இதுதான் பாதுகாப்பு என்பது என் கருத்து. ரட்டர் தூக்கியிருக்காவிட்டால் இதைச் செய்யவே வேண்டாம்.

புதுத்துடுப்பு:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். கயாக் குறுக்கே திரும்பிவிட்டால் அந்த நொடியில் என்ன செய்வது? கடலிலிருந்து பார்க்கும்போது அலை சின்னதாகத் தெரிகிறது, உயரத்தை எப்படிக் கணிப்பது?

அலைவாய்:

திரும்பிவிட்டால் நேராக்கப் போராடாதீர்கள். அலை வரும் பக்கம், அதாவது கடல் பக்கம் சாயுங்கள். துடுப்பின் மட்டையை நுரையின் மேல் தட்டையாக வைத்து, அதன் மேல் பாரம் போடுங்கள். நுரை உங்களைத் தாங்கும், கயாக் பக்கவாட்டிலேயே கரைக்குப் போய்ச் சேரும். முழங்கை உடம்போடு ஒட்டி, தோளுக்குக் கீழேயே இருக்கட்டும். கையை நீட்டி உயர்த்தினால் தோள்மூட்டு கழன்றுவிடும். பயத்தில் எல்லோரும் கரைப்பக்கம் சாய்வார்கள். அகலமான கயாக் அலையின் சரிவோடு தானும் கரைப்பக்கம் சரியும், கூடவே நீங்களும் சாய்ந்தால் கவிழ்வது உறுதி.

மணல்திட்டு:

உயரத்துக்கு: இருக்கையில் உட்கார்ந்தால் உங்கள் கண் தண்ணீரிலிருந்து 80, 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். அலைப் பள்ளத்தில் இருக்கும்போது முன்னால் போகும் அலை கரையின் நீர்விளிம்பை முழுக்க மறைத்தால், அது உங்கள் கண்மட்டத்துக்கு மேல். பின்னாலிருந்து பார்ப்பது அலையின் சரிந்த முதுகு, செங்குத்தான முகம் கரையிலிருந்துதான் தெரியும். எனவே கணித்ததைவிடக் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். அலை தன் உயரத்தைப் போல ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழத்தில் உடையும். உடையும் இடம் கரையை ஒட்டியே இருந்தால் அங்கே தரை செங்குத்து. அந்த இடத்தைத் தவிர்த்து, நுரை நீளமாகப் பரவி வரும் சாய்வான கரையைத் தேடுங்கள். நடுவில் அலையே உடையாமல் அமைதியாகத் தெரியும் வழியில் நுழையாதீர்கள். பெரும்பாலும் அது கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம், எவ்வளவு துடுப்புப் போட்டாலும் நகர மாட்டீர்கள்.

நெடுங்கடல்:

இறங்கும் விதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முழங்கால் ஆழத்தில் இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டு இறங்குங்கள். குறுக்கே திரும்பியிருந்தால் எப்போதும் கடல் பக்கம்தான். கரைக்கும் கயாக்குக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள். தண்ணீர் ஏறிய கயாக்கை ஓர் அலை தள்ளினால் கணுக்காலும் முழங்காலும் தாங்காது. முன் கைப்பிடியைப் பிடித்து இழுப்பதும் பக்கவாட்டில் நின்றுதான்.

ஆழத்தில் கவிழ்ந்துவிட்டால், அலைக்குள் மறுபடி ஏற முயலாதீர்கள். பின்பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நீந்துங்கள், உங்கள் உடம்பே பின்னால் இழுவையாக இருந்து கயாக்கை ஓரளவு நேராக வைக்கும். மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாமல் விரலால் மட்டும் பிடியுங்கள். பெரிய அலை வந்தால் விட்டுவிட வேண்டும். லைஃப் ஜாக்கெட்டும் தலைக்கவசமும் கழற்றக் கூடாது. பழகுவதாக இருந்தால் ராடு, பெட்டி, ஃபிஷ் ஃபைண்டர் எதுவும் இல்லாமல், முழங்கால் அலையில், துணைக்கு ஒருவர் கரையில் நிற்கும்போது தொடங்குங்கள்.