புதுப்பிப்பு: நீளம் தாண்டுதலில் ஓட்டக் குறி சாயங்காலம் தவறுவது ஏன்?

ஓட்டத் தொடக்கக் குறி, அதாவது ஓட ஆரம்பிக்கும் இடத்துக்கான அடையாளம், வைப்பது பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். "காலையில் தாவும் பலகையில் கால் சரியாக விழுது, சாயங்காலம் பலகையை எட்டவே மாட்டேங்குது" என்று சென்னை ராயபுரம் பசங்க கேட்டிருந்தாங்க.

காரணம் கடற்காற்று. மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து வீசும். கடலைப் பார்த்து ஓடினால் ஒவ்வொரு காலடியின் நீளமும் கொஞ்சம் குறையும்; பதினாறு காலடிக்கு அது சேர்ந்துடும். குறியை 15–30 செ.மீ. மணல் குழிப் பக்கம் நகர்த்திப் பாருங்க. பலகையை எட்ட கடைசிக் காலடியை மட்டும் நீட்டிப் பிடிக்கவே கூடாது, குதிகால் பிரேக் போட்டு வேகத்தைச் சாப்பிட்டுடும். காற்று முதுகில் அடித்தால் குறியைப் பின்னால் தள்ளணும், இல்லாட்டி கால் பலகையின் முன் கோட்டைத் தாண்டி பவுல்தான் (அந்தத் தாவல் செல்லாது). 2021 நவம்பர் முதல் தாவும்போது ஷூ நுனி தரையில் படாமல் அந்தக் கோட்டைத் தாண்டினாலும் பவுல்.

போட்டியில் ஓடுதள ஓரமாக இரண்டு அடையாளம் வரை வைக்கலாம். சாக்பீஸ் கூடாது, ஒட்டும் டேப் எடுத்துட்டுப் போங்க.