நா ட்ராங்கில் ஒரு பகல், ராத்திரி சைகோன் ரயில்: மாமியாரும் கூட வருகிறார், என்ன பார்க்கலாம்?

பொன்னி:
மார்ச்சில் நான், கணவர், மாமியார் மூவரும் வியட்நாம் போகிறோம். நா ட்ராங்கில் மதியம் 12 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். சைகோனுக்கு (ஹோ சி மின் நகர்) ரயில் ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான். அத்தைக்கு முழங்கால் வலி, சுத்த சைவம். நாலு தீவு சுற்றும் படகு டூர் போகச் சொல்லி ஹோட்டலில் சொல்கிறார்கள். போகலாமா?

ரயில்பூச்சி:
தீவு டூர் வேண்டவே வேண்டாம். படகில் காது கிழியப் பாட்டு, நடுக்கடலில் மிதக்கும் பார், பிறகு உடம்பெல்லாம் உப்போடு ராத்திரி ரயில். உங்கள் அத்தை உங்களை மன்னிக்க மாட்டார்.

காலை ஐந்தரைக்கே எழுந்து ட்ரான் ஃபூ சாலைக் கடற்கரைக்கு வாருங்கள். ஊர்க்காரர்கள் வெயிலுக்கு முன்னால் குளித்து முடித்துவிடுவார்கள். பாட்டிமார் கழுத்தளவு தண்ணீரில் நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். கரையிலிருந்து சில அடியிலேயே ஆழம் வந்துவிடும், அத்தை கால் நனைத்தால் போதும்.

அடுத்து நேராக ‘போ நகர்’ என்ற கோயில். இதைத் தவறவிட்டால் அந்த ஊருக்குப் போனதாகவே நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காய் ஆற்றின் வடகரையில், பாலம் தாண்டியதும் குன்றின்மேல், இந்தப் பகுதியை முற்காலத்தில் ஆண்ட சம்பா நாட்டு அரசர்கள் கட்டிய செங்கல் கோபுரங்கள். முன்பு அங்கிருந்த கோயிலை 774-ல் கடல்வழி வந்தவர்கள் கொளுத்திவிட்டார்கள், 784-ல் சத்தியவர்மன் திரும்பக் கட்டினான். இப்போது நிற்கும் பெரிய கோபுரம் அதற்கும் பிந்தையது. கருவறையில் பத்துக் கை அம்மன், கல்லால் ஆனவள். சம்பா கல்வெட்டில் பகவதி, இன்றைய வியட்நாமியருக்குத் தியென் யீ ஆ நா. பட்டு அங்கி சாத்தி, பழம் அடுக்கி, ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். உள்சுவர் முழுக்கப் புகைக்கரி. வாசல் கல்நிலைகளில் பழைய எழுத்து நெருக்கி வெட்டியிருக்கும், கிட்டே போய்ப் பாருங்கள். சின்ன கோபுரம் ஒன்றில் லிங்கமும் உண்டு. அரைக்கால் சட்டையில் போனால் வாசலில் ஓர் அங்கி கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள்.

அடிவாரத்தில் வரிசையாகத் தடித்த எண்கோணச் செங்கல் தூண்கள் நிற்கும். அதை ஒட்டிய பழைய படி செங்குத்து, யாரும் ஏறுவதில்லை. பக்கத்தில் அதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. அத்தையை அந்த வழியில், எட்டு மணிக்குள் கூட்டிப்போய்விடுங்கள். பத்துக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிடும்.

திரும்பும் வழியில் அலெக்சாந்தர் யெர்சின் அருங்காட்சியகம், பாஸ்டர் நிறுவனத்துக்குள். 1894-ல் ஹாங்காங்கில் பிளேக் கிருமியைக் கண்டுபிடித்தவர், 1943-ல் இந்த ஊரிலேயே இறந்தார். சின்ன இடம்தான். நடுப்பகலில் பூட்டிவிடுவார்கள், அதற்குள் போங்கள். மதியம் எங்கும் போகாதீர்கள். ஃபேன் ஓடும் காப்பிக்கடையில் ஆளுக்கொரு கா ஃபே சுவா தா (ஐஸ் போட்ட பால் காப்பி) சொல்லிவிட்டு உட்காருங்கள். சொட்டுச் சொட்டாக வடிந்து முடியவே சில நிமிடம் ஆகும்.

கடலோரத்தான்:
பூச்சி அண்ணா எல்லாவற்றையும் கோயிலிலேயே முடித்துவிட்டார்! ஹோன் ட்ரே தீவில் பெரிய கேளிக்கைப் பூங்கா இருக்கிறதே?

ரயில்பூச்சி:
தம்பி, அது ஒரு நாளையே தின்றுவிடும், பர்ஸையும் சேர்த்து. பிள்ளைகள் கூட இருந்தால் சரி. முழங்கால் வலிக்காரருக்கு என்னத்துக்கு?

சுமதி அக்கா:
சாப்பாட்டுக்கு நான் சொல்கிறேன். பலகையில் சி, எச், ஏ, ஒய் என்ற நாலு எழுத்து இருந்தால் சைவக் கடை. மற்ற கடைகளில் காய்கறி மட்டும் கேட்டாலும் மீன் சாறு சேர்ந்திருக்கும், நம்பாதீர்கள். உங்கள் கணவர் அசைவம் என்றால் சாயங்காலம் பான் கான் தேடச் சொல்லுங்கள்: கரி அடுப்பில் மண் குழிச்சட்டி, அதில் அரிசிமாவு, மேலே முட்டையோ கணவாயோ. நம் குழிப்பணியாரச் சட்டியேதான்.

அப்புறம் லாங் சன் புத்தர் கோயில், ஸ்டேஷனுக்குப் பக்கம். மேலே இருக்கும் வெள்ளைப் புத்தருக்கு 150 படிக்கு மேல் ஏற வேண்டும். அத்தை கீழே மண்டபத்தில் இருக்கட்டும், நீங்கள் இருவரும் ஏறிவிட்டு வாருங்கள். பீடத்தைச் சுற்றி, பௌத்தர்கள் மீதான அரசின் அடக்குமுறையை எதிர்த்து 1963-ல் தீக்குளித்த துறவிகளின் முகங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்காமல் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு இறங்குகிறவர்கள்தான் அதிகம்.

பொன்னி:
ரொம்ப நன்றி! பெட்டிகளை எங்கே வைப்பது? ரயிலுக்கு முன்னால் குளிக்க முடியுமா?

ரயில்பூச்சி:
பெட்டியை ஹோட்டலிலேயே விடுங்கள், பெரும்பாலும் காசு கேட்க மாட்டார்கள். குளிக்க, அரைநாள் வாடகை கொடுத்து அறையைச் சாயங்காலம் வரை நீட்டிக்க முடியுமா என்று முந்தின நாளே கேளுங்கள். மூன்று பேருக்கு அந்தச் செலவு தகும். மலை மேற்கே என்பதால் நாலரைக்கு மேல் கடற்கரையில் வெயில் தணியும். கொஞ்சம் நடந்து, ஏழுக்குக் குளித்து, சாப்பிட்டு, எட்டரைக்கு ஸ்டேஷன்.

டிக்கெட்டில் கவனம்: நாலு பெர்த் கேபினில் கீழ் பெர்த் இரண்டுதான், அத்தை பெயரில் ஒன்றை உறுதி செய்யுங்கள். ஆறு பெர்த் கேபினில் மூன்றாம் தட்டில் நிமிர்ந்து உட்காரக்கூட முடியாது. தெரியாமல் அதை வாங்கிவிடாதீர்கள்.