ஆச்சி ஊர்ப் பறவைகளைத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதலாமா? சான்றுக்கு எங்கே போவது?

கடனாநதிக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், அம்பாசமுத்திரம் பக்கம். கல்லூரியில் விக்கிப்பீடியா பயிலரங்கு வைத்தார்கள். கணக்கு தொடங்குவது, மணல்தொட்டியில் எழுதிப் பார்ப்பது, உள்ளிணைப்பு கொடுப்பது வரை வந்தோம். சான்று பற்றிப் பேச ஆரம்பிக்கும்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

திருப்புடைமருதூர் என் ஆச்சி ஊர். கடனாநதி தாமிரபரணியில் சேருகிற இடம். ஊருக்குள்ளேயே மரங்களில் மஞ்சள்மூக்கு நாரை, வக்கா, மடையான் எல்லாம் கூடு கட்டும். எந்த மரத்தில் எது, எப்போது முட்டை, எப்போது குஞ்சு என்று பள்ளிக்கூட நாளிலிருந்தே ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை ஊர்க்காரர்கள் எடுத்து மீன் கொடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். இதையெல்லாம் கட்டுரையில் சேர்க்கலாமா? கோயிலில் வாங்கிய தலபுராணப் புத்தகமும் கையில் இருக்கிறது. போனில் எடுத்த படங்களும் நிறைய உண்டு.

வேகத்தமிழன்:
ரொம்ப யோசிக்காதீங்க. ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டால் பத்து நிமிஷத்தில் தமிழ்க் கட்டுரை. சான்றும் அங்கிருந்தே வந்துவிடும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஓய்வுபெற்ற தபால்காரர்:
தம்பி வேகத்தமிழன், அந்தப் பத்து நிமிஷக் கட்டுரைகளை உட்கார்ந்து துப்புரவு செய்கிறவர்களில் நானும் ஒருவன். மஞ்சள்மூக்கு நாரையின் ஆங்கிலப் பெயரான ‘பெயின்டட் ஸ்டார்க்’ என்பதை ‘வர்ணம் பூசப்பட்ட நாரை’ என்று கருவி எழுதும், அதைப் படித்துப் பார்க்காமல் வெளியிட்டுவிட்டு நீங்கள் அடுத்ததற்குப் போவீர்கள். கருவி மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு அப்புறம் வெளியிடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இனி தங்கச்சிக்கு. உன் நோட்டு பொக்கிஷம், ஆனால் அதைச் சான்றாக வைத்துக் கட்டுரையில் எழுத முடியாது. சொந்த ஆய்வு கூடாது என்பது விக்கிப்பீடியாவின் அடிப்படை விதிகளில் ஒன்று. நீ மரத்தடியில் நின்று பார்த்தது பொய் என்று யாரும் சொல்லவில்லை. படிக்கிறவர் அதைச் சரிபார்க்க வழியில்லை, அவ்வளவுதான். நம்பத்தக்க ஓரிடத்தில் ஏற்கெனவே வெளிவந்ததை உன் சொந்த நடையில் எழுதி, எங்கிருந்து எடுத்தாய் என்று காட்ட வேண்டும். குஞ்சுக்கு மீன் கொடுக்கிற கதைக்கும் இதே கதிதான். எந்த நாளிதழிலாவது வந்திருந்தால் தாராளமாக எழுது.

நல்லவேளை, உன் ஆச்சி ஊருக்குச் சான்று பஞ்சமில்லை. 2005-ல் தமிழ்நாடு அரசு அந்த இடத்தைப் பறவைகளுக்கான பாதுகாப்புக் காப்பகமாக அறிவித்தது. பரப்பு 2.84 ஹெக்டேர், ஏறக்குறைய ஏழு ஏக்கர். வேடந்தாங்கல் போலச் சரணாலயம் அல்ல இது. காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-ல் கொண்டுவந்த திருத்தத்தால் உண்டான தனி வகை. ஊராட்சிப் பிரதிநிதிகளும் இருக்கிற மேலாண்மைக் குழு வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. இணையத்தில் முக்கால்வாசிப் பேர் சரணாலயம் என்றே எழுதிவைத்திருக்கிறார்கள். அரசு அறிவிக்கையைத் தேடிப் பிடித்து இந்த ஒரு வரியை நீ சரியாக எழுதினாலே போதும், மற்றதெல்லாம் மெல்ல வரட்டும்.

தலபுராணத்தைத் ‘தலபுராணத்தின்படி’ என்று சொல்லிப் பயன்படுத்தலாம். அந்தக் கோயில் சுவாமி நாறும்பூநாதர் தலை சாய்ந்திருக்கிற கதையை நடந்த வரலாறு போல எழுதினால் யாராவது வந்து நீக்குவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. கோபுரத்தின் ஐந்து நிலைகளிலும் உள்ளே சுவரோவியமும் மரச்சிற்பமும் இருக்கிறதே, அதற்குக் கோயில் புத்தகம் போதாது. கலை வரலாற்றுக்காரர்கள் எழுதியதைப் பார். புத்தகத்தின் பத்தியை அப்படியே தட்டச்சு செய்து ஒட்டிவிடாதே. பதிப்புரிமைச் சிக்கல் வரும்.

செய்முறை: தொகுக்கும்போது மேற்கோள் பெட்டியில் இணைய முகவரியை ஒட்டினால் தலைப்பு, தேதியை அதுவே நிரப்பிக்கொள்ளும். தமிழ் நாளிதழ்த் தளங்கள் என்றால் பல நேரம் தப்பாக நிரப்பும், கையால் திருத்திவிடு. சேமிக்கும் முன் தொகுப்புச் சுருக்கத்தில் ‘காப்பக அறிவிப்பு ஆண்டு, சான்றுடன்’ என்று நாலு சொல் எழுது. பெரிதாக ஒன்றைச் சேர்த்துவிட்டு இந்தச் சுருக்கப் பெட்டியைக் காலியாக விட்டால், ‘அண்மைய மாற்றங்கள்’ பக்கத்தை மேய்ந்துகொண்டிருக்கிற என்னைப் போன்ற கிழவனுக்குச் சந்தேகம் தட்டும். நீக்கினாலும் பயப்படாதே. கட்டுரையின் ‘வரலாறு’ பக்கத்தில் எல்லாம் அப்படியே இருக்கும். பேச்சுப் பக்கத்தில் ஏன் என்று கேள், கடைசியில் நாலு அலைக்குறி (~~~~) போட்டால் உன் கையெழுத்து தானாக விழும். போன் விசைப்பலகையில் அந்த அலைக்குறி எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய பாடு.

நாரை நேசன்:
படங்களுக்கு நான் பதில் சொல்கிறேன். விக்கிப்பீடியா கட்டுரைகளுக்கான படங்களைச் சேர்த்துவைக்கிற விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள். போனில் இருக்கிற மூலக் கோப்பையே ஏற்ற வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படத்தில் எடுத்த தேதி, கேமரா விவரம் எல்லாம் உதிர்ந்துபோயிருக்கும், அளவும் சுருங்கியிருக்கும். நீங்களே எடுத்ததுதானா என்று கேள்வி வரும். உரிமத்தைப் படித்துவிட்டு ஏற்றுங்கள். வணிகப் பயன்பாடு கூடாது என்று நிபந்தனை போட்டால் பொதுவகம் ஏற்காது. நாளைக்கு ஒரு காலண்டர்காரர் உங்கள் பெயரைப் போட்டு, உரிமத்தையும் குறிப்பிட்டு உங்கள் நாரையை விற்றால் காசு கேட்க முடியாது. இதற்குச் சம்மதம் என்றால் மட்டும் ஏற்றுங்கள். கூட்டுக்குப் பக்கத்தில் போய் எடுத்த படம் வேண்டவே வேண்டாம், அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் மரமேறுவார்கள்.

அந்த நோட்டுக்கும் இடம் உண்டு. பறவை பார்ப்பவர்கள் தங்கள் குறிப்புகளைப் பதிகிற ஈபேர்ட் தளத்தில் தேதிவாரியாகப் பதியுங்கள். ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், தன்னார்வலராகச் சேர்ந்துகொள்ளலாம். நீங்கள் எண்ணியது அவர்கள் அறிக்கையில் வந்துவிட்டால் அப்புறம் அந்த அறிக்கையே சான்று.

கடனாநதிக்காரி:
நன்றி தாத்தா, நன்றி அண்ணா. அறிவிக்கையை இன்றே தேடுகிறேன். ஒரு சிக்கல். வகுப்பில் ஆளுக்கு ஒரு புதுக் கட்டுரை எழுதினால்தான் மதிப்பெண் என்றார்கள். கோயிலுக்கு ஏற்கெனவே கட்டுரை இருக்கிறது. அதில் சேர்த்தால் கணக்கில் வருமா?

ஓய்வுபெற்ற தபால்காரர்:
அதை உங்கள் சார்தான் சொல்ல வேண்டும். நீ கோயில் கட்டுரையில் காப்பகத்துக்கென்று ஒரு பத்தியை முதலில் எழுது. சான்று நிறையத் தேறினால் தனிக் கட்டுரையாகப் பிரித்துக்கொள்ளலாம். எதற்கும் உன் பங்களிப்புகள் பக்கத்தின் இணைப்பை அவருக்கு அனுப்பு. எந்த நாளில், எந்தக் கட்டுரையில் எத்தனை பைட் சேர்த்தாய் என்று வரிசையாக அதில் நிற்கும். அதற்குள் வேகத்தமிழன் புதுக் கட்டுரை போட்டுவிடாமல் இருந்தால் சரி.

வேகத்தமிழன்:
போடவில்லை ஐயா. வர்ணம் பூசப்பட்ட நாரையைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.