ஆரக்காலை வெட்டிய டிராக்டர் எப்படி ஐயா ஒரிஜினல்?

கரிப்புகை:
துருவேஅழகு ஐயா நம் பழைய டிராக்டர் மன்றத்தின் வேறொரு இழையில் போகிற போக்கில் ஒரு முத்தை உதிர்த்துவிட்டுப் போயிருக்கிறார். "பழைய டிராக்டரின் விலையைத் தீர்மானிப்பது இரண்டே விஷயம். உலகத்தில் எத்தனை மிச்சம் இருக்கிறது, மேலே எவனாவது புதுப் பெயின்ட் அடித்துவிட்டானா. சக்கரத்தை வெட்டியிருந்தால்கூட விலை குறையாது" என்கிறார்.

முதல் இரண்டையும் விடுங்கள். அந்தக் கடைசி வரியை எந்தத் தைரியத்தில் எழுதினார்?

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். 1920களில் வந்த டிராக்டர்களுக்குப் பல் வைத்த இரும்புச் சக்கரம். 1932இல் அல்லிஸ்-சால்மர்ஸ் தன் யூ மாடலில் காற்றடைத்த ரப்பர் டயரைக் கொண்டுவந்தது. அப்புறம் எல்லோருக்கும் ரப்பர் ஆசை. புதுச் சக்கரம் வாங்கக் காசில்லாதவர்கள் பட்டறைக்கு ஓட்டிப் போய், இரும்பு வளையத்தை ஒட்டி ஆரக்கால்களை வரிசையாக வெட்டி, மிச்ச நுனிகளில் ரப்பர் டயருக்கான ரிம்மை வெல்டு வைத்துக்கொண்டு வந்தார்கள். வெட்டிய வளையம் எடைக்குப் போயிற்று. இப்போது அந்த வண்டியைக் காட்டி "கை படாதது, ஒரிஜினல்" என்று விலை சொன்னால் எப்படி? ஆரக்கால் போனால் போனதுதான்.

துருவேஅழகு:
வணக்கம் கரிப்புகை. என் பேரைப் போட்டு இழை தொடங்கும் அளவுக்கு நான் வளர்ந்துவிட்டேனா, மகிழ்ச்சி.

அந்த வெல்டை வைத்தது யார்? அந்த வண்டியை வைத்துப் பிழைத்த விவசாயி. எப்போது? வண்டி வேலை செய்துகொண்டிருந்த காலத்தில். தார் ரோட்டில் பல் சக்கரத்தை ஏற்றினால் ரோடு பெயர்ந்துவிடும் என்று பல இடங்களில் தடையே போட்டிருந்தார்கள். ரப்பருக்கு மாறினால் வேகம் கூடும், எண்ணெய் குறையும். எண்பது தொண்ணூறு வருடமாக அந்த வெல்டு அங்கேயே இருக்கிறது. அதைக் குறை என்கிறீர்கள். போன மாதம் ஸ்பிரே அடித்துப் பளபளக்க நிறுத்திய பொம்மையைப் பார்த்தால் வாயைப் பிளக்கிறீர்கள்.

மூணாவதுகியர்:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். ஒரிஜினல் என்பது தொழிற்சாலை வாசலைத் தாண்டிய நாளில் இருந்த நிலையா, கடைசியாக ஓட்டியவர் கொட்டகையில் விட்டுப்போன நிலையா? அதை முதலில் பேசி முடித்தால் பாதிச் சண்டை குறையும்.

கரிப்புகை:
@துருவேஅழகு, நான் ஸ்பிரே பெயின்டுக்கு எப்போது வாயைப் பிளந்தேன்? என் வண்டிகளில் ஒன்றுக்குக்கூடப் புதுப் பெயின்ட் கிடையாது. பேச்சை மாற்றாதீர்கள். கேட்டது ஆரக்கால். வெட்டியதா, முழுசா? முழுசுக்கும் வெட்டியதற்கும் ஒரே விலை தருவீர்களா? ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை போதும்.

ஏலக்காரன்:
பத்து வருடத்துக்கு மேல் ஏலத்தில் நிற்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். "எத்தனை மிச்சம்" என்ற கணக்கே பாதிப் பொய். மின்னியாபொலிஸ்-மோலின் 1938இல் யூ.டி.எல்.எக்ஸ் என்று ஒன்றை விட்டது. மூடிய கேபின், உள்ளே ஹீட்டர், ரேடியோ, ரோட்டில் மணிக்கு 40 மைல் போகும். பகலில் உழுதுவிட்டு மாலையில் அதிலேயே ஊருக்குள் போகலாம் என்று விளம்பரம். விவசாயிகள் திரும்பிப் பார்க்கவில்லை. மொத்தம் 150 அளவில்தான் செய்தார்கள். அன்றைக்கு விற்காததால்தான் இன்றைக்கு அபூர்வம். சரி, அதற்கு அடித்துக்கொள்ள ஆள் இருக்கிறது.

ஆனால் பேர் தெரியாத கம்பெனி நாலு வருடம் ஓடி மூடிப்போனபோது விட்டுப்போன வண்டி யூ.டி.எல்.எக்ஸைவிட அபூர்வமாக இருக்கும். ஏலத்தில் அதற்கு ஒரு கைகூடத் தூக்காது. காரணம் எளிது. அந்தப் பேரைச் சொல்லி வளர்ந்தவன் யாரும் இல்லை, உதிரி பாகம் இல்லை, கையேடு இல்லை. வயதும் அப்படித்தான். ஃபோர்ட்சன் எஃப் 1917இலேயே வந்த வண்டி. 7 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். வயதைச் சொல்லி அதற்கு விலை கேட்டால் சிரிப்பார்கள். ஒரே பொருள்மேல் ஆசை வைத்த இரண்டு பேர் ஒரே நாளில் ஒரே கூடாரத்தில் நிற்க வேண்டும். அதுதான் விலை.

கரிப்புகை:
நல்ல தகவல், நன்றி. யூ.டி.எல்.எக்ஸ் ரப்பர் டயரிலேயே பிறந்தது. அதற்கு வெட்ட ஆரக்காலே கிடையாது. ஆகவே இந்த இழைக்குச் சம்பந்தமில்லை.

ஏலக்காரன்:
இழைக்குச் சம்பந்தம் உண்டா இல்லையா என்று நீங்களே தீர்ப்பும் சொல்லிக்கொள்கிறீர்கள். பிரமாதம்.

துருவேஅழகு:
ஒரு உதாரணம் தருகிறேன், பதில் சொல்லட்டும். ஃபோர்டு 2என். போர்க்காலம், 1942. ரப்பர் தட்டுப்பாடு. அதனால் இரும்புச் சக்கரமும், பேட்டரிக்குப் பதிலாகப் பொறி தரும் மேக்னட்டோவுமாக அனுப்பினார்கள். ரப்பர் கைக்கு வந்ததும் வாங்கியவர்கள் டயருக்கு மாறிவிட்டார்கள். இன்றைக்கு டயரோடு நிற்கும் 2என் எல்லாம் போலியா?

கரிப்புகை:
இதைத்தான் எதிர்பார்த்தேன். 2என்னில் சக்கரம் போல்ட்டில் நிற்கிறது. நட்டைக் கழற்றினால் இரும்பு வெளியே, ரப்பர் உள்ளே. நாளைக்கே பழைய சக்கரம் கிடைத்தால் திருப்பி மாட்டலாம். அங்கே ரம்பம் எங்கே வந்தது? ஸ்பானர் போட்டது வேறு, ரம்பம் போட்டது வேறு. ஆரக்கால் போனால் போனதுதான் என்று நான் சொல்வது இதைத்தான்.

துருவேஅழகு:
பெயின்ட் போனால் மட்டும் திரும்பி வருமா? சுரண்டி எடுத்த பழைய பெயின்டை எந்தக் கடையில் வாங்குவீர்கள்?

நெம்புகோல்:
பழைய பெயின்டைப் பற்றித் துருவேஅழகு பேசுகிறார் என்றதும் ஓடி வந்தேன். அண்ணே, என்னை ஞாபகம் இருக்கிறதா? "கொட்டகையில் தூங்கிய நிறம், யாரும் தொடவில்லை" என்று ஒரு பானட்டை என் தலையில் கட்டினீர்களே. கையை வைத்தால் பிசுபிசு. துடைத்த துணியில் ஒரே மஞ்சள். ஆளி விதை எண்ணெய்! துருவின் மேல் எண்ணெயைத் தேய்த்துவிட்டால் கருஞ்சிவப்பாக மின்னும், படம் எடுத்தால் ஆளை மயக்கும். ஆறு மாதம் போனால் ஊர்த் தூசியெல்லாம் அதில்தான்.

துருவேஅழகு:
துரு மேலும் பரவாமல் இருக்க எண்ணெய் பூசுவது உலக வழக்கம். அதை நான் மறைக்கவில்லை. நீங்கள் கேட்கவில்லை.

நெம்புகோல்:
கேட்கவில்லையாம்! சீரியல் தகட்டையும் நான் கேட்கவில்லைதான். 1920களின் வண்டி என்று கொடுத்ததில் தகட்டை நிறுத்தியிருந்தது நாலு பிளஸ் ஸ்க்ரூ. பிளஸ் தலை ஸ்க்ரூ வாகனத் தொழிலுக்குள் வந்ததே 1930களின் நடுவில். தகடு பிற்பாடு அச்சடித்தது என்று ஸ்க்ரூவே சொல்கிறது.

துருவேஅழகு:
ரிவெட் அறுந்துபோன தகட்டை யாரோ ஸ்க்ரூ போட்டு நிறுத்தியிருக்கலாம். தகடு போலி என்பதற்கு அது ஆதாரமா? தனிப்பட்ட கணக்கைத் தனிச் செய்தியில் தீருங்கள்.

மட்டுறுத்துநர்:
விற்பனைச் சண்டையை இங்கே கொண்டுவர வேண்டாம். விலையை எது தீர்மானிக்கிறது என்பதே பேச்சு.

கரிப்புகை:
மட்டுறுத்துநர் சொல்வது சரி. இழை ஆரக்காலைப் பற்றியது.

மட்டுறுத்துநர்:
நான் அப்படிச் சொல்லவில்லை.

நெம்புகோல்:
சரி, சக்கரத்துக்கே வருகிறேன். ரப்பர் டயருக்குள் எடைக்காகக் கால்சியம் குளோரைடு கரைசலை ஊற்றினார்களே, அதை யாராவது யோசித்தீர்களா? வால்வுப் பக்கம் ஒரு சொட்டு கசிந்தால் போதும், ரிம் அரித்துக்கொண்டே போகும். வெளியே பார்த்தால் முழுசு, டயரைக் கழற்றினால் ரிம் கையோடு உதிர்கிறது. வெட்டிய வண்டி வாங்குகிறவன் அந்தத் தண்டத்தையும் சேர்த்து வாங்குகிறான்.

கரிப்புகை:
நன்றி நெம்புகோல். இரும்புச் சக்கரத்தில் ஊற்ற இடமே இல்லை. எனக்கு இன்னொரு வாதம் கிடைத்தது.

ஏலக்காரன்:
நீங்கள் சக்கரத்தையே சுற்றுங்கள். வாங்குகிறவன் முதலில் குனிந்து பார்ப்பது இன்ஜின் பிளாக்கை. தண்ணீரை வடிக்காமல் பனிக்காலத்தில் விட்ட வண்டியில் தண்ணீர் உறைந்து பிளாக்கைப் பிளந்திருக்கும். பக்கவாட்டில் நீளமாக ஒரு வெடிப்பு, அதன்மேல் பித்தளைப் பற்று, அதன்மேல் தடிமனாக கிரீஸ். அந்த கிரீஸை விரலால் வழித்தாலே விற்கிறவன் முகம் மாறும். பிஸ்டன் இறுகிப்போனதைக்கூட மன்னிக்கலாம், ஊறவைத்து எடுத்துவிடலாம். பிளாக் வெடித்தால் வேறு பிளாக் தேட வேண்டும், எண் மாறும், அப்புறம் அது வேறு வண்டி. மேக்னட்டோ, கார்புரேட்டர், மட்கார்டு எல்லாம் பிறந்தபோது வந்தவையா என்பது அடுத்த கேள்வி. ஆரக்கால் என் பட்டியலில் ஆறாவதோ ஏழாவதோ.

கரிப்புகை:
உங்கள் பட்டியலில் ஏழாவது. என் பட்டியலில் முதலாவது. பட்டியலை அச்சடித்தவர் யார், நீங்களா?

மூணாவதுகியர்:
நான் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

கொட்டகைவாசி:
அனைவருக்கும் வணக்கம், புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். பெரியப்பா விட்டுப்போன ஒரு ஜான் டீர் டி கொட்டகையில் கிடக்கிறது. இன்ஜினோடு சுற்றும் கனச் சக்கரமான ஃப்ளைவீலிலும் ஆரக்கால் இருக்கிறது. இன்ஜின் சுற்றவில்லை. விற்கலாம் என்று எண்ணம். பிரஷர் வாஷரில் கழுவிவிட்டுப் படம் எடுக்கட்டுமா?

ஏலக்காரன்:
தம்பி, தண்ணீர்ப் பைப்பைக் கீழே வையுங்கள்! டி வரிசை 1923 முதல் 1953 வரை ஓடியது. ஃப்ளைவீலில் ஆரக்கால் இருந்தால் அது 1923 முதல் 1925 வரையிலான ஆரம்ப வண்டி. அப்புறம் வந்ததெல்லாம் முழுத்தகடு. இந்த ஒரு ஃப்ளைவீலுக்காகவே ஆட்கள் அலைகிறார்கள். முன் அச்சைப் பாருங்கள். வார்ப்பா, துண்டுகளை வெல்டு வைத்துச் செய்ததா? வெல்டு வைத்ததென்றால் எனக்கு உடனே எழுதுங்கள். 1923இல் வந்த முதல் 50 வண்டிகளுக்குத்தான் அப்படி.

துருவேஅழகு:
கழுவவே வேண்டாம். பெல்ட் புல்லிக்குப் பின்னால் கிரீஸ் படிந்த இடத்தில் பழைய பெயின்ட் உயிரோடு இருக்கும். மெதுவாகத் துணியால் துடைத்துப் படம் எடுங்கள். பலம் கொடுத்துச் சுற்றவும் வேண்டாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி டீசல் விட்டு வாரக்கணக்கில் ஊறவிடுங்கள்.

நெம்புகோல்:
டீசலா? கியர் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து விடுங்கள். டீசலில் ஊறவைத்தால் பேரன் வந்துதான் சுற்றுவான்.

துருவேஅழகு:
அசிட்டோனோடு கலப்பது கியர் ஆயில் இல்லை. ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷனுக்கு ஊற்றும் எண்ணெயைத்தான் கலப்பார்கள். தெரியாததைப் புதியவருக்குச் சொல்லிக் கெடுக்காதீர்கள்.

நெம்புகோல்:
ஆளி விதை எண்ணெய்க்காரர் எண்ணெய் பாடம் எடுக்கிறார்.

கரிப்புகை:
தம்பி, அதெல்லாம் இருக்கட்டும். பின்சக்கரம் படம் போடுங்கள்.

கொட்டகைவாசி:
படம் இணைத்திருக்கிறேன். முன்சக்கரம் இரண்டும் இரும்பு. பின்சக்கரத்தில் ரப்பர் டயர், ஆரக்கால் நுனியில் வெல்டு தெரிகிறது. முன் அச்சு வார்ப்புதான் என்று நினைக்கிறேன்.

கரிப்புகை:
பார்த்தீர்களா! வெட்டிவிட்டார்கள். ஆரம்ப கால டி, ஃப்ளைவீல் முழுசு, முன்னால் இரும்பு முழுசு, பின்னால் மட்டும் ரம்பம். பின்சக்கரமும் முழுசாக இருந்திருந்தால் இந்தத் தம்பி எங்கேயோ போயிருப்பார். இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்?

துருவேஅழகு:
இதைவிட என் பக்கம் பேசும் படம் கிடைக்காது. முன்னால் இரும்பு, பின்னால் ரப்பர். கையில் இருந்த காசுக்கு இழுக்கிற சக்கரத்தை மட்டும் மாற்றிக்கொண்டு உழுத மனிதர் கண்முன் நிற்கிறார். இதைச் "சரிசெய்கிறேன்" என்று வேறு வண்டியின் சக்கரத்தைக் கொண்டுவந்து மாட்டினால் அது இரண்டு வண்டியின் கலவை. தம்பி, அப்படியே விடுங்கள்.

கரிப்புகை:
மனிதர் நிற்கட்டும். விலை எங்கே நிற்கும்? வாங்குகிறவன் கதைக்கா காசு கொடுப்பான்?

ஏலக்காரன்:
சில சமயம் கதைக்கும்தான் கொடுக்கிறான். ஒரே குடும்பத்தில் இருந்த வண்டி, வாங்கிய ரசீது, வயலில் நிற்கும் பழைய புகைப்படம், இதெல்லாம் இருந்தால் கை தூக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தம்பி, பெரியப்பாவின் காகிதப் பெட்டி எதையும் எரித்துவிடாதீர்கள்.

கரிப்புகை:
ரசீது சக்கரம் ஆகாது.

மூணாவதுகியர்:
தொழிற்சாலை நிலையா, கொட்டகை நிலையா? கடைசியாக ஒருமுறை கேட்கிறேன்.

கரிப்புகை:
மூணாவதுகியர், நீங்கள் ஒரு வண்டியாவது வைத்திருக்கிறீர்களா?

மூணாவதுகியர்:
1949 ஃபெர்குசன் டி.இ.20, ஓடுகிறது.

கரிப்புகை:
1946இலிருந்து 1956க்குள் 5 லட்சத்துக்கும் மேல் செய்த வண்டி. நாங்கள் இங்கே அபூர்வ வண்டிகளைப் பற்றிப் பேசுகிறோம்.

மூணாவதுகியர்:
ஓடுகிறது என்றேன். உங்களுடையது ஓடுகிறதா?

நெம்புகோல்:
ஹாஹா. பதில் வராது.

கரிப்புகை:
மேக்னட்டோ வேலைக்குப் போயிருக்கிறது. அது இழைக்குச் சம்பந்தமில்லை.

ஏலக்காரன்:
தம்பி கொட்டகைவாசி, விற்பதாக இருந்தால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். நியாயமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

துருவேஅழகு:
வந்துவிட்டாரையா வேலைக்கு. இதற்குத்தானா இவ்வளவு பாடம்? தம்பி, அவசரப்படாதீர்கள், எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

நெம்புகோல்:
தம்பி, இவரிடம் கொடுத்தால் அடுத்த வாரம் எண்ணெய் மினுக்கத்தோடு விளம்பரத்தில் பார்க்கலாம்.

மட்டுறுத்துநர்:
இரண்டாம் எச்சரிக்கை. விலைபேச்சு விற்பனைப் பகுதியில்.

கொட்டகைவாசி:
ஐயா, நான் கேட்டது கழுவலாமா என்று மட்டும்தான். இப்போது கழுவவில்லை. சக்கரத்தை என்ன செய்ய?

கரிப்புகை:
முதலில் வெல்டை உள்பக்கமாகக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். கேஸ் வெல்டா, கரண்டு வெல்டா என்று பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் வெட்டியது என்கிறார் துருவேஅழகு. பின்னால் எவனோ வெட்டியதாக இருந்தால் அவருடைய விவசாயி கதை என்ன ஆகும் என்று பார்ப்போம்.

துருவேஅழகு:
எதுவாக இருந்தாலும் விலை குறையாது.

கரிப்புகை:
தம்பி, படம்.